‘ஹை ரிஸ்க்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது: கருவைக் கலைக்க வேண்டுமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து 31 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடாவில் மீன்பிடி விசைப்படகில் வேலை செய்கிறார். முதல் பிரசவம் இரண்டரை வருடங்களுக்கு முன்பு. 31-ஆம் வாரத்தில் தலைவலி, மேல்வயிற்றில் வலி. ‘வாயு’ என்று வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் 170/110. 32-ஆம் வாரத்தில் சிசேரியன் செய்து எடுத்த குழந்தை 1.1 கிலோ. ஒரு மாதத்துக்கும் மேல் ஐ.சி.யூ.வில் இருந்து, இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறது.

இப்போது மறுபடியும் கர்ப்பம், 13 வாரம். தனியார் கிளினிக்கில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்திருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு குறைவு. ஆனால் அடுத்த பக்கத்தில் ‘37 வாரத்துக்கு முன் பிரீக்ளாம்ப்சியா: 12-இல் 1, ஹை ரிஸ்க்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. பிரீக்ளாம்ப்சியா என்பது கர்ப்பத்தில் பிரஷர் ஏறித் தாயையும் பிள்ளையையும் பாதிக்கும் நோய், போன முறை வந்ததும் அதுதான். பாப்-ஏ 0.38, பி.எல்.ஜி.எஃப். 0.45. டாக்டர் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் எழுதித் தந்தார். மருந்துக்கடைக்காரர், “இது ஹார்ட் மாத்திரை, மாசமா இருக்கிறவங்க சாப்பிடக்கூடாது” என்று சொல்லிவிட்டதால் அதை இன்னும் தொடவில்லை. மாமி உப்பை நிறுத்திவிட்டார். “உன் வயிற்றுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது” என்றும் சொல்கிறார். அம்மாவோ, “நீ உயிரோடு இருந்தால் போதும், கலைத்துவிடு” என்று அழுகிறார். திருவனந்தபுரத்தில் ‘ரேஷியோ டெஸ்ட்’ என்று ஒன்று செய்கிறார்களாம், உடனே போகவா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

பதில்:

சகோதரி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ரிப்போர்ட்டைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆஸ்பிரின் அலர்ஜி, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு நோய், வலி மாத்திரை சாப்பிட்டால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமா, இவை எதுவும் உங்களுக்கு இல்லையென்றால், டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் நாளைக்கே அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்த மாத்திரைக்கு ஒரு கெடு இருக்கிறது. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். உங்களுக்கு ஏற்கெனவே 13 முடிகிறது.

உங்களுக்குக் கொஞ்சம் வினோதமாகப் படக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். இந்த ரத்தப் பரிசோதனையே செய்யாமல் இருந்திருந்தாலும் நான் உங்களுக்கு இதே மாத்திரையைத்தான் எழுதியிருப்பேன். 32 வாரத்தில் பிரஷரால் பிரசவமானவர் என்ற ஒரு வரி போதும். இப்படி ரத்தத்தில் அளக்கும் மார்க்கர்கள் மிகவும் உதவுவது, முன்கதை எதுவும் இல்லாத முதல் கர்ப்பத்தில், ‘இவருக்கு வருமா’ என்று ஊகிக்கவே வழியில்லாத பெண்களுக்கு. உங்கள் விஷயத்தில் அந்தச் சிவப்பு எழுத்து புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை உறுதிப்படுத்தியிருக்கிறது.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

பாப்-ஏ, பி.எல்.ஜி.எஃப். இரண்டுமே நஞ்சுக்கொடி சுரந்து தாயின் ரத்தத்தில் விடும் புரதங்கள். 1 என்பது உங்களைப் போலவே அதே வாரத்தில் இருக்கும் பெண்களின் நடு அளவு. 0.38 என்றால் அந்த நடு அளவில் பாதிக்கும் கீழே. நஞ்சுக்கொடி மெதுவாக வேரூன்றுகிறது என்பதற்கான அறிகுறி இது. குழந்தைக்கு ஊனம் என்று இதற்குப் பொருள் இல்லை. டவுன் சிண்ட்ரோம் கணக்குக்கும் பாப்-ஏ பயன்படுவதால் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டவுன் சிண்ட்ரோமுக்காக எடுக்கும் டபிள் மார்க்கர் ரிப்போர்ட்டை மார்போடு அணைத்துக்கொண்டு “பிள்ளைக்கு ஏதோ குறையாம் டாக்டர்” என்று அழுதுகொண்டே வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதிலும் பாப்-ஏ மட்டும் குறைந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண எடையுள்ள குழந்தையைத்தான் பெறுகிறார்கள். அதனால்தான் லேப் அந்த ஒரு எண்ணை நம்பி நிற்பதில்லை. பிரஷர், கர்ப்பப்பை ரத்தக்குழாயின் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்), உங்கள் பழைய பிரசவம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ‘12-இல் 1’ என்று கணக்கிடுகிறது.

அந்த 12-இல் 1-ஐத் திருப்பிப் படியுங்கள். உங்களைப் போன்ற 12 பேரில் 11 பேருக்கு 37 வாரத்துக்கு முன் இந்தப் பிரச்சினை வராது. உங்கள் டாக்டர் வாயால் சொன்னது ‘மூன்றில் ஒருவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தவறில்லை. 28 முதல் 34 வாரத்துக்குள் பிரசவமானவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் வாய்ப்பு ஏறத்தாழ அவ்வளவு. அது மாதம் முடிந்தபின் லேசாக வருவதையும் சேர்த்த கணக்கு. திரும்ப வந்தாலும் போன முறையைவிடத் தாமதமாகவும் லேசாகவும் வருவதுதான் வழக்கம்.

இனி மாமி சொன்ன பேச்சு. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் தாயின் கர்ப்பப்பைக்குள் புகுந்து, அங்குள்ள குறுகலான ரத்தக்குழாய்களை அகலமாக்குகின்றன. தூர்வாரிய கால்வாயில் தண்ணீர் தடையில்லாமல் வருவதுபோல ரத்தம் வர வேண்டும். இது சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. குழந்தையின் எடை குறைகிறது, தாயின் பிரஷர் ஏறுகிறது. இதில் மாமிக்குத் தெரியவேண்டியது என்னவென்றால், நஞ்சுக்கொடி உங்கள் உடம்பின் உறுப்பே இல்லை. கருவிலிருந்து உருவாவது அது. அதன் மரபணுக்களில் பாதி அவருடைய மகன் கொடுத்தது. தப்பு யாருடையது என்று கேட்கவே கூடாது. கேட்டே தீருவேன் என்றால் பாதிப் பங்கை வளைகுடாவுக்கு அனுப்பிவிடலாம்.

மாத்திரை

மருந்துக்கடைக்காரர் சொன்னது பாதி சரி. மாரடைப்பு வந்தவர்களுக்கு எக்கோஸ்பிரின் என்ற பெயரில் கொடுக்கும் அதே ஆஸ்பிரின்தான் இது. ஆனால் குறைந்த அளவு ஆஸ்பிரினைக் கர்ப்பிணிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுத்துவருகிறோம். 2017-இல் வெளியான ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், மார்க்கர்களை வைத்து ஹை ரிஸ்க் என்று பிரித்த பெண்களில் பாதிப் பேருக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை தினம் ராத்திரி 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் மாவு மாத்திரை. 37 வாரத்துக்கு முன் பிரீக்ளாம்ப்சியா வந்தவர்கள் மாவு மாத்திரைக் குழுவில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 1.6 சதவீதம். தவறாமல் சாப்பிட்டவர்களிடம் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. 37 வாரத்துக்குப் பிறகு வருவதை இது பெரிதாகத் தடுக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் உங்களுக்குப் பயம் 31, 32-ஆம் வாரத்தைப் பற்றித்தானே? அந்த வகையைத்தான் இது குறைக்கிறது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், கடிக்காமல் விழுங்குங்கள். கடையில் 150 இல்லையென்றால் 75 இரண்டு. எப்போது நிறுத்துவது என்பதை 36-ஆம் வாரத்தை ஒட்டி டாக்டர் சொல்வார்; நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘ஆஸ்பிரினே சாப்பிடுகிறோம், இதுவும் பரவாயில்லை’ என்று தலைவலிக்கோ இடுப்புவலிக்கோ டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுவிடவும் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். அதற்கும் அடங்காத தலைவலி என்றால் அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய தலைவலி.

உப்பும் கருவாடும்

உப்பைக் குறைத்தால் பிரீக்ளாம்ப்சியா வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. உப்பில்லாத கஞ்சி வாய்க்குப் பிடிக்காமல் நீங்கள் சாப்பாட்டையே குறைத்துக்கொள்வதுதான் இதில் உண்மையான நஷ்டம். ஊறுகாயையும் கருவாட்டையும் தினமும் வைத்துக்கொள்ளாமல் எப்போதாவது தொட்டுக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும் பொருந்தும். மற்றபடி வீட்டுக் குழம்புக்கு அளவாக உப்புப் போடச் சொல்லுங்கள்.

குறைக்கக்கூடாதது கால்சியம். உணவில் கால்சியம் போதாத ஊர்களில், தினம் 1.5 முதல் 2 கிராம் வரை கால்சியம் கொடுத்தால் பிரீக்ளாம்ப்சியா குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையை வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்காமல் சாப்பிடுங்கள். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒன்றாக வேண்டாம், இடையில் சில மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையைக் கட்டன் சாயாவோடு விழுங்குவது நம் பக்கத்துப் பழக்கம். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவது நல்ல வழி.

ரேஷியோ டெஸ்டுக்கு இப்போதே திருவனந்தபுரம் போகவேண்டுமா?

வேண்டாம். பணம் வீண், அலைச்சலும் வீண்.

அந்த டெஸ்டின் கதையைச் சொன்னால் ஏன் என்பது புரியும். ரத்தம் போதாத நஞ்சுக்கொடி ‘எஸ்.எஃப்.எல்.டி.-1’ என்ற புரதத்தை மிகுதியாகத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அது பி.எல்.ஜி.எஃப். போன்ற நல்ல புரதங்களைப் பிடித்து முடக்கிவிடுகிறது. ரத்தக்குழாய்களின் உள்சுவர் கெடுகிறது, பிரஷர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. 2003-இல் இதைக் கண்டு சொன்ன பாஸ்டன் குழுவை வழிநடத்தியவர் ஆனந்த் கருமஞ்சி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன சிறுநீரக மருத்துவர். சினையாக இருந்த எலிகளுக்கு இந்த ஒரு புரதத்தைக் கொடுத்ததுமே அவற்றுக்குப் பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதமும் வந்தது. கெட்டதை நல்லதால் வகுத்தால் வரும் எண்தான் ரேஷியோ.

இது பயன்படுவது 20 வாரம் கடந்து, பிரஷர் லேசாக ஏறுகிறது, தலை வலிக்கிறது, ஆனால் நோய் என்று முடிவுகட்ட முடியவில்லை என்ற இரண்டுங்கெட்டான் நிலையில். 2016-இல் வந்த ஒரு பெரிய ஆய்வின்படி, எண் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பிரீக்ளாம்ப்சியா வராது என்று 99 சதவீதத்துக்கும் மேல் நம்பலாம். 34 வாரத்துக்கு முன் 85-ஐத் தாண்டினால் நோய் இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு நெருக்கமாகக் கவனிப்போம். கவனியுங்கள், நல்ல எண் தரும் உத்தரவாதம் ஒரு வாரத்துக்குத்தான். மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

குழந்தையின் எடையைப் பிரித்துப் பார்க்கவும் இந்த எண் கைகொடுக்கும். பரம்பரையாகவே சின்ன உடம்புக்காரர்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பது நோய் இல்லை. ரத்தம் போதாமல் மெலிவதுதான் நோய். முதல் வகையில் ரேஷியோ பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும், இரண்டாவதில் ஏறும். இருந்தாலும் எடை விஷயத்தில் இறுதித் தீர்ப்பு ஸ்கேனுக்கும் தொப்புள்கொடி டாப்ளருக்கும்தான். உங்கள் முதல் குழந்தை 32 வாரத்தில் இருந்திருக்க வேண்டிய சராசரி எடை 1.7 கிலோவுக்கும் மேல். 1.1 என்பது மாதம் குறைந்ததால் மட்டும் வந்தது இல்லை, வளர்ச்சியும் தடைப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த முறை 28-ஆம் வாரம் தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் கேளுங்கள். வாரா வாரம் எடை பார்க்கச் சொல்லாதீர்கள். ஸ்கேனில் சொல்லும் எடை பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், வீண் பயம்தான் மிஞ்சும்.

டாக்டரிடம் கேட்கவேண்டிய இன்னொரு ரத்தப் பரிசோதனை

உங்கள் கடிதத்தில் இது இல்லை. ஆனால் எனக்கு ரேஷியோவைவிட இதுதான் முக்கியம். 34 வாரத்துக்கு முன் கடுமையான பிரீக்ளாம்ப்சியா வந்தவர்களுக்கு ஆன்டி-பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையும் போக்கை இது கூட்டும். 12 வார இடைவெளியில் இரண்டு முறை பாசிட்டிவ் வந்தால்தான் நோய் உறுதி என்றாலும், முதல் ரிப்போர்ட்டையும் உங்கள் முன்கதையையும் வைத்தே, ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் வேண்டுமா என்று டாக்டர் முடிவெடுப்பார். போன பிரசவத்துக்குப் பின் இதைப் பார்த்தார்களா என்பது பழைய ஃபைலில் இருக்கும்.

அந்த ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் ஷீட்டைத் தவிர வேறெதுவும் தர மறுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உள்நோயாளியின் மருத்துவப் பதிவேடுகளை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. உங்களுக்கு இரண்டரை வருடம் ஆகிவிட்டது. இந்த மாதமே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷர் மெஷின்

கணவர் அனுப்பிய மெஷின் மணிக்கட்டில் கட்டுவது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒதுக்கிவையுங்கள். மேற்கையில் கட்டும் மெஷின், உங்கள் கைக்குச் சரியான அளவுப் பட்டை வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மார்பு உயரத்தில் வைத்து எடுங்கள். சிஸ்டர் வரும்போது அவருடைய மெஷினோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இப்போது வாரம் ஒருமுறை, 20 வாரத்துக்குப் பின் வாரம் இரண்டு மூன்று முறை, 28-க்குப் பின் தினமும் பார்த்து, ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90 தொட்டால் அன்றே டாக்டரைப் பாருங்கள். 160 அல்லது 110 என்றால் பதினைந்து நிமிடத்தில் மறுபடி எடுத்துப்பார்த்து, குறையவில்லையென்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எண் சாதாரணமாக இருந்தாலும் கிளம்ப வேண்டிய சமயங்கள் உண்டு. கண்ணில் மின்னல் அடிப்பது, பார்வை மங்குவது, நெஞ்சுக்குழியிலோ வலது விலா அடியிலோ வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சுத்திணறல், வலியோடு ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது. போன முறை ஓமத்தண்ணீர் கொடுத்த அந்த ‘வாயு’ ஈரல் வீங்கிய வலியாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். சாயங்காலம் காலில் மட்டும் வீக்கம் என்றால் அது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு இருப்பதுதான்.

ஏழாம் மாதம் எங்கே இருப்பது?

அம்மா வீடு பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், ஏழாம் மாதம் அழைத்துப் போவது வழக்கம் என்கிறீர்கள். சடங்கை நடத்துங்கள், சாப்பிடுங்கள், போட்டோ எடுங்கள். தங்குவது மட்டும் வேண்டாம். உங்களுக்கு ஆபத்தான வாரங்கள் அப்போதுதான் தொடங்குகின்றன, மழைக்காலத்தில் அந்தச் சாலையில் ராத்திரி ஆம்புலன்ஸ் வருவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். மாமியும் அம்மாவும் ஒரே வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். நாகர்கோவில் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே இரண்டு மாதம் தங்கலாம்.

எங்கே பிரசவம் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பக்கத்து கிளினிக்கில் மாதாந்திரப் பரிசோதனை பார்ப்பது சரி. ஆனால் 34 வாரத்துக்கு முன் எடுக்க வேண்டி வந்தால் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடம்தான் வேண்டும்; ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல. பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) வாங்கிப் பெயரை இப்போதே பதிந்து, இரண்டாம் டிரைமெஸ்டரில் ஒருமுறையாவது அங்கே காட்டி, ‘ஹை ரிஸ்க்’ என்று உங்கள் கார்டில் எழுத வையுங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் டாக்டர் இலவசமாகப் பார்க்கும் முகாம் இருக்கும். நேரம் இருந்தால் பிரசவத்துக்கு முன் குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசி, உங்களுக்கு வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட், இரண்டையும் போட்டுவிடுவார்கள். வலிப்பின் வாய்ப்பை மெக்னீசியம் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்பது 2002-இல் ‘மேக்பை’ ஆய்வில் தெளிவாகிவிட்ட விஷயம்.

பிரசவம் முடிந்ததும் மெஷினைத் தூக்கிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பிரஷர் உச்சத்துக்கு ஏறும், பெரும்பாலும் அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு வாரம் வரை பாருங்கள்.

கணவர் எப்போது லீவு எடுக்கட்டும் என்று கேட்டிருந்தீர்கள். பிரசவத் தேதியைக் கணக்கிட்டு டிக்கெட் போட வேண்டாம். 30-ஆம் வாரத்திலிருந்தே வந்திருக்க முடிந்தால் நல்லது. முடியாதென்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். ‘ஹை ரிஸ்க் கர்ப்பம்’ என்று டாக்டர் கையெழுத்திட்ட ஒரு சான்றை இப்போதே வாங்கி அனுப்பிவைத்தால், அங்கே முதலாளியிடம் லீவு கேட்க அவருக்கு உதவும்.